1.5 சதுர மி.மீ. மூன்று கோர் ஷீல்டு ஆர்மர்டு கேபிள்: கேஸ் டிடெக்டருக்கு வாங்கலாமா?

எல்.பி.ஜி. பாட்லிங் பிளான்ட், அம்மோனியா கம்ப்ரஸர் அறை, பெயின்ட் கிடங்கு என எங்கே நிலையான கேஸ் டிடெக்டர் மாட்டினாலும் டெண்டரில் கேபிளுக்கு ஒரே வரிதான் இருக்கும்: "3 கோர் 1.5 சதுர மி.மீ., ஷீல்டு, ஆர்மர்டு, எஃப்.ஆர்.எல்.எஸ்." கோர் என்பது உள்ளே ஓடும் ஒவ்வொரு கம்பி, ஷீல்டு மின்தொல்லையைத் தடுக்கும் உலோகச் சுற்று, ஆர்மர் அடிபடாமல் காக்கும் இரும்புக் கம்பி உறை, எஃப்.ஆர்.எல்.எஸ். என்றால் தீ பரவாத, புகை குறைந்த பிளாஸ்டிக். டிடெக்டரின் பிராண்டைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறவர்கள்கூடக் கேபிளை இந்த ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை நம்பி வாங்கும் சரக்கு எப்படி இருக்கிறது, எங்கே காலை வாரும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்று கம்பியில் (பிளஸ், மைனஸ், சிக்னல்) 4–20 மில்லி ஆம்பியர் கொடுக்கும், அதாவது கேஸ் இல்லாதபோது 4, அளவின் உச்சத்தில் 20 காட்டும் டிடெக்டருக்கு, பேனலிலிருந்து சுமார் 700 மீட்டர் வரை, இதைவிடப் பொருத்தமான கேபிள் கிடையாது. ஷீல்டு இல்லாத கன்ட்ரோல் கேபிளைவிட விலை கூடத்தான். அந்தக் கூடுதல் விலை வீண் போகாது. ஆனால் ஒரே வரியை வைத்துக் கடையில் கேட்டால் மூன்று நான்கு தரத்தில் சரக்கு வரும். எல்லாமே அந்த வரிக்குப் பொருந்தும், ஆனால் சிலதுதான் வேலைக்கு ஆகும்.

முதலில் செம்பு. 1.5 சதுர மி.மீ. கிளாஸ் 2 (பல இழை முறுக்கிய) கண்டக்டருக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 8130, சர்வதேசத் தர நிர்ணயமான ஐ.இ.சி. 60228 இரண்டும் வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோமீட்டருக்கு 12.1 ஓம், 20 டிகிரி செல்சியஸில். இதற்கு மேல் காட்டும் கேபிள் 1.5 இல்லை, ஷீத்தில் (கேபிளின் பிளாஸ்டிக் உறையில்) என்ன அச்சிட்டிருந்தாலும் சரி. சோதிப்பது எளிது. 500 மீட்டர் டிரம் வந்தால் ஒரு முனையில் இரண்டு கோரை முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தால் போவதும் வருவதுமாக 1000 மீட்டர். 20 டிகிரியில் 12.1 ஓம், நம்மூர் 35 டிகிரியில் 12.8 ஓம் வரை இருக்கலாம். மீட்டர் லீடின் ஓமைக் கழித்த பிறகும் 15 காட்டினால் டிரம்மை இறக்கவே வேண்டாம். மூன்று கோரையும் ஜோடி மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு கோர் மட்டும் மெலிந்து வருவதும் உண்டு.

இந்த ஓம் ஏன் இவ்வளவு முக்கியம்? சைட்டில் அதிகம் தவறும் கணக்கே இதுதான். எரியும் வாயுவைச் சூடான மணியில் எரித்து அளக்கும் கேட்டலிடிக் டிடெக்டர் ஒன்று 4 வாட் எடுக்கிறது, குறைந்தது 16 வோல்ட் வேண்டும் என்று மேனுவல் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பலரும் போடும் கணக்கு: 24 வோல்ட் சப்ளை, 4 வாட்டுக்கு 167 மில்லி ஆம்பியர், 8 வோல்ட் வரை டிராப் ஆகலாம், அப்படியானால் 48 ஓம், 1.5 கேபிளில் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் இன்றைய டிடெக்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை வோல்ட் குறையக் குறைய ஆம்பியரைக் கூட்டி இழுக்கும் ரகம். 16 வோல்டில் அதே 4 வாட்டுக்கு 250 மில்லி ஆம்பியர். மின்சாரம் போய் பேனல் பேட்டரியில் ஓடும்போது 24 வோல்ட் 21-க்கு இறங்கியிருக்கும். மிச்சம் 5 வோல்ட், அதாவது 20 ஓம். வெயிலில் ட்ரேயில் கிடக்கும் கேபிள் 50 டிகிரியைத் தொட்டால் செம்பின் ஓம் 12 சதவீதம் ஏறி, போக வர கிலோமீட்டருக்கு 27 ஆகிவிடும். கணக்கு 740 மீட்டரில் நிற்கிறது. டெர்மினல், ஃபியூஸ், ஜங்ஷன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் விட்டால் 700.

இதே நிபந்தனையில் 1 சதுர மி.மீ. கேபிள் 490 மீட்டர் வரை வரும், 0.5 சதுர மி.மீ. 250 மீட்டரைத் தாண்டாது, 2.5 சதுர மி.மீ. 1200 மீட்டர் போகும். டிடெக்டர் மாறினால் எண் மாறும், முறை மாறாது. கணக்குத் தவறிய லைனை எப்படி அடையாளம் காண்பது? பகலில் எல்லாம் சரியாக ஓடும். இரவில் மின்வெட்டு வந்து பேட்டரிக்கு மாறியதும் தூரத்து டிடெக்டர்கள் மட்டும் வரிசையாக ஃபால்ட் காட்டும், அல்லது ஆன் ஆவதும் வார்ம்-அப் போவதும் மறுபடி அணைவதுமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சென்சாரை மாற்றிப் பயனில்லை. டிடெக்டர் டெர்மினலில், ஓடும்போதே, வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள்.

தூரம் கூடினால் 4 சதுர மி.மீ. போட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான டிடெக்டர் டெர்மினல்கள் 2.5 சதுர மி.மீ. வரைதான் வாங்கும். நுழையாத கம்பியில் நாலு இழையை வெட்டிச் செருகும் வித்தை பல சைட்டில் நடக்கிறது. அதற்குப் பதில் பக்கத்தில் ஜங்ஷன் பாக்ஸ் வைத்து அங்கிருந்து 1.5-க்கு இறங்குவது மேல். வழியில் இன்னொரு 24 வோல்ட் சப்ளை வைப்பது அதைவிட மேல், அதற்கும் பேட்டரி இருக்குமானால்.

இனி ஷீல்டு. இந்த வகைக் கேபிளில் வருவது அலுமினியம்-பாலியெஸ்டர் டேப்பும் அதோடு ஒட்டி ஓடும் வெள்ளீயம் பூசிய செம்பு டிரெய்ன் ஒயரும் (ஷீல்டை எர்த்தோடு இணைக்கும் கம்பி). டேப் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுற்றியிருந்தால் மூடல் முழுமை. கேபிளை வளைத்தால் டேப்பில் இடைவெளி தெரிகிறதென்றால் சுற்று சரியில்லை. டேப்பில் ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் பிளாஸ்டிக். டிரெய்ன் ஒயர் உலோகப் பக்கத்தைத் தொட வேண்டும். மலிவுச் சரக்கில் டேப் புரண்டு, டிரெய்ன் ஒயர் பிளாஸ்டிக் மேல் சும்மா படுத்திருக்கும். பேனலில் எர்த் கொடுத்தாலும் ஷீல்டு அந்தரத்தில் நிற்கும். ஒரு அடி வெட்டிப் பிரித்து, டேப்பின் பளபளக்கும் பக்கத்துக்கும் டிரெய்ன் ஒயருக்கும் நடுவே பஸ்ஸர் அடிக்கிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. அரை நிமிட வேலை.

ஷீல்டிடம் அளவுக்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது. வாக்கி-டாக்கி, வி.எஃப்.டி.யின் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஸ்விட்சிங் போன்ற உயர் அலைவரிசைத் தொல்லைக்கும், பக்கத்துக் கேபிளின் மின்புலத்துக்கும் அது நல்ல தடுப்பு. பெரிய மோட்டார் கேபிள் பக்கத்தில் ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அந்த மெல்லிய அலுமினியத் தாள் நிறுத்தாது. அதற்கு மருந்து கோர்களின் முறுக்கும் தூரமும்தான். ஆகவே கேபிளை உரித்துப் பார்க்கும்போது மூன்று கோரும் ஒன்றையொன்று நெருக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறக்குறைய இணையாகக் கிடந்தால் அது கன்ட்ரோல் கேபிளுக்குத் தாள் சுற்றிய சரக்கு. பவர் கேபிளிலிருந்து 300 மி.மீ. தள்ளி வைப்பது, குறுக்கே போக வேண்டிய இடத்தில் 90 டிகிரியில் கடப்பது என்ற பழைய வழக்கம் ஷீல்டு கேபிளுக்கும் பொருந்தும். வி.எஃப்.டி.யின் மோட்டார் பக்கக் கேபிளுக்கு இன்னும் தள்ளியே இருங்கள்.

தொல்லை எவ்வளவு இருந்தால் ஆபத்து? 0–100 பி.பி.எம். ஹைட்ரஜன் சல்பைடு டிடெக்டரில் 1 மில்லி ஆம்பியர் என்பது 6.25 பி.பி.எம். அலாரத்தை 10 பி.பி.எம்.மில் வைத்தால் அது 5.6 மில்லி ஆம்பியர். பூஜ்யத்துக்கும் அலாரத்துக்கும் நடுவே இருப்பது வெறும் 1.6 மில்லி ஆம்பியர். வாக்கி-டாக்கி பட்டனை அழுத்தும்போது 2 மில்லி ஆம்பியர் துள்ளினால் பிளான்டே காலியாகும். நான்கு முறை பொய் அலாரம் அடித்த டிடெக்டரை ஐந்தாவது முறை ஆபரேட்டர் இன்ஹிபிட் போட்டு, அதாவது அலாரம் அடிக்காதபடி முடக்கி வைப்பார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

கேபிள் நன்றாக இருந்தும் கெட்டுப்போகும் இடம் இரு முனைகளின் கடைசி அரை மீட்டர். ஷீல்டை ஒரு முனையில்தான் எர்த் செய்ய வேண்டும்: பேனல் பக்கம், இன்ஸ்ட்ருமென்ட் எர்த் பாரில். டிடெக்டர் பக்கம் டிரெய்ன் ஒயரையும் டேப்பையும் வெட்டி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடி, பாடியையோ கிளாண்டையோ (கேபிள் நுழையும் இடத்தில் அதைப் பிடித்து மூடும் உலோகப் பொருத்தி) தொடாமல் வைக்க வேண்டும். வாயுவைப் பற்றவைக்க முடியாத அளவு சக்தி குறைத்த இன்ட்ரின்சிக்கலி சேஃப் சர்க்யூட்டுக்கு, வெடி அபாயப் பகுதி மின் நிறுவலுக்கான ஐ.இ.சி. 60079-14 சொல்வதும் இதே: ஒரு இடத்தில் மட்டும், வழக்கமாக அபாயப் பகுதிக்கு வெளியே. குறிப்பிட்ட டிடெக்டரின் மேனுவல் வேறு மாதிரி சொன்னால் மேனுவலே சட்டம்.

இரண்டு முனையிலும் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குக் கணக்கே பதில். யார்டு எர்த் பிட்டுக்கும் கன்ட்ரோல் ரூம் எர்த்துக்கும் 2 வோல்ட் வித்தியாசம் இருப்பது அதிசயமில்லை. டிரெய்ன் ஒயர் 0.5 சதுர மி.மீ. என்றால் 500 மீட்டருக்கு 18 ஓம். 2 வோல்டை 18-ஆல் வகுத்தால் 110 மில்லி ஆம்பியர். சிக்னலே 20 மில்லி ஆம்பியர்தான். அதைப் போர்த்தியிருக்கும் போர்வையில் ஐந்து மடங்குக்கு மேல் ஓடுகிறது. ரீடிங் பெரிய மோட்டார் ஓடும்போது ஏறும், நின்றதும் இறங்கும். யாராவது வெல்டிங் எர்த் கிளிப்பை ஸ்ட்ரக்சரில் மாட்டினால் இன்னும் மோசம்.

உயர் அலைவரிசைக்கு இரு முனை எர்த்துதான் நல்லது என்ற வாதமும் பொய்யல்ல. அதற்கு நடுவழி உண்டு: டிடெக்டர் முனையில் ஷீல்டுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சிறு செராமிக் கெப்பாசிட்டர். டி.சி.யும் 50 ஹெர்ட்ஸும் போகாது, ரேடியோ அலை போய்விடும். இன்ட்ரின்சிக்கலி சேஃப் சர்க்யூட்டில் 1 நானோ ஃபாரட், 1500 வோல்ட் போன்றதை ஐ.இ.சி. 60079-14 ஏற்கிறது, மொத்தம் 10 நானோ ஃபாரடைத் தாண்டாத வரை. முதலில் மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, அப்புறமும் வாக்கி-டாக்கி தொல்லை தொடர்ந்தால் மட்டும் இதை நினையுங்கள்.

ஆர்மர் கதை வேறு. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆர்மர் பாதுகாப்பு எர்த்துக்கு உரியது. இரு முனையிலும் கிளாண்டு வழியாக எர்த் ஆக வேண்டும். ஆர்மரும் ஷீல்டும் எங்கும் தொடக் கூடாது. அவை தொட்டுக்கொள்ளும் இடம் பெரும்பாலும் கிளாண்டுதான்: ஆர்மருக்கு அடியில் இருக்கும் இன்னர் ஷீத்தைக் கத்தியால் வெட்டும்போது டிரெய்ன் ஒயர் வெளியே வந்து ஆர்மர் கோனில் சிக்கிக்கொள்ளும். கண்டுபிடிக்க, பேனலில் டிரெய்ன் ஒயரைக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். சில ஓம் காட்டினால் எங்கோ தொடுகிறது. மெகா ஓமில் இருந்தால் சரி. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கமிஷனிங் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக் கூடாது.

ஜங்ஷன் பாக்ஸில் இன்னொரு வழக்கமான தவறு: ஆறு டிடெக்டரின் டிரெய்ன் ஒயரையும் ஒன்றாக முறுக்கி பாக்ஸின் எர்த் போல்ட்டில் மாட்டிவிடுவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஒவ்வொரு ஷீல்டுக்கும் தனித் தனி டெர்மினல், எர்த் தொடாமல், பேனல் வரை தொடர வேண்டும். பாக்ஸிலிருந்து பேனலுக்கு மல்டி ட்ரையட் கேபிள் (மூன்று மூன்று கோராக முறுக்கிய பல தொகுதிகள்) எடுத்தால் ஒவ்வொரு ட்ரையடுக்கும் தனி ஷீல்டு உள்ளதாகக் கேளுங்கள். ஒட்டுமொத்த ஷீல்டு மட்டும் இருப்பது மலிவு, ஆனால் ஒன்றின் தொல்லை பக்கத்துக்குப் போகும். டெர்மினலில் ஷீல்டு இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி 50 மி.மீ.க்குள் நிற்கட்டும். பாக்ஸுக்குள் அரை மீட்டர் சுருட்டி வைத்தால் அது ஆன்டெனா.

இந்தக் கேபிளை வாங்கும்போது யாரும் கேட்காத, கேட்டே ஆக வேண்டிய ஒன்று இன்னர் ஷீத். ஐ.எஸ். 1554-இல் இன்னர் ஷீத்தை எக்ஸ்ட்ரூட் செய்தும் (உருகிய பிளாஸ்டிக்கை ஒரே உறையாக ஏற்றி) போடலாம், டேப் சுற்றியும் விடலாம். டேப் சுற்றியது விலை குறைவு. உள்ளே வெடித்தாலும் தீ வெளியே வராதபடி செய்த ஃபிளேம்-ப்ரூஃப் டிடெக்டருக்கு அது உதவாது. டபுள் கம்ப்ரஷன் கிளாண்டின் உள் ரப்பர் இன்னர் ஷீத்தைப் பிடித்துத்தான் சீல் ஆகிறது. டேப் சுற்றியது வட்டமாக இருக்காது. மூன்று கோரின் மேடு பள்ளம் வெளியே தெரியும். ரப்பர் எவ்வளவு இறுக்கினாலும் இடுக்கு இருக்கும். அந்த வழியாக மழைநீர் இறங்கும், உள்ளே வெடித்தால் தீயும் வெளியே வரும். 60079-14 தடுப்புக் கலவை இல்லாத சாதாரண கிளாண்டை அனுமதிப்பதே கேபிள் வட்டமாக, இறுக்கமாக, எக்ஸ்ட்ரூட் செய்த இன்னர் ஷீத்துடன், ஈரம் உறிஞ்சாத ஃபில்லருடன், குறைந்தது 3 மீட்டர் நீளத்தில் இருந்தால்தான். இல்லையென்றால் பேரியர் கிளாண்டுக்குப் போக வேண்டும். கேபிளில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

கிளாண்டு மாட்டும்போது ஷீத்தைக் குட்டையாக வெட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. இன்னர் ஷீத் உள் ரப்பரைக் கடந்து பாடிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். கிளாண்டைக் கழற்றிப் பார்த்தால் ரப்பர் ஷீத்தைப் பிடித்த தடம் ஷீத்தில் இருக்க வேண்டும். தடம் கோர்களின் மேல் இருந்தால் அந்தக் கிளாண்டு வெறும் அலங்காரம். மரையையும் கவனியுங்கள்: மெட்ரிக் மரையுள்ள எம்20 கிளாண்டு, அமெரிக்கக் கூம்பு மரையான அரை அங்குல என்.பி.டி. ஓட்டைக்குள் தளர்வாக ஏறிச் சில சுற்று பிடித்தும் நிற்கும். எம்20-இன் வெளி விட்டம் 20 மி.மீ., அரை அங்குல என்.பி.டி.க்கு 21.3. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினால் ஆடாது, ஆனால் ஃபிளேம்-ப்ரூஃப் என்பது போயிற்று. சான்றுள்ள அடாப்டரைத்தான் போட வேண்டும். பயன்படாத துளையில் டிடெக்டரோடு வந்த சிவப்புப் பிளாஸ்டிக் மூடியை அப்படியே விட்டுவைப்பதும் இதே கணக்கு.

கடலோரப் பிளான்டுகளில், எண்ணூர் தூத்துக்குடி பக்கம் என்றால், ஜி.ஐ. ஆர்மரின் வெட்டு முனைதான் முதலில் துருப்பிடிக்கும். பித்தளைக் கிளாண்டுக்கு நிக்கல் பூச்சு வேண்டும், கேபிள் கீழிருந்து ஏறட்டும். மேலிருந்து வந்தே ஆக வேண்டுமானால் டிடெக்டருக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றுங்கள். நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். கிளாண்டின் மேல் பி.வி.சி. உறை போட்டால் அதன் அடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று முதல் மழைக்குப் பிறகு ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.

எஃப்.ஆர்.எல்.எஸ். என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. தீ பரவாது, புகையும் ஆசிட் வாயுவும் குறைவு, அவ்வளவே. தீயில் வேலை செய்யும் என்று அதற்கு அர்த்தமில்லை. தீப்பிடித்த பின்னும் ஹூட்டர் அடிக்க வேண்டும், சோலனாய்டு வால்வு மூட வேண்டும் என்றால் அந்த லைனுக்கு ஃபயர் சர்வைவல் கேபிள் வேண்டும், பி.எஸ். 6387-இன் சி பிரிவில் 950 டிகிரியில் 3 மணி நேரம் சோதிப்பார்கள். டிடெக்டர் லைனுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது, ஏனென்றால் தீ வருவதற்கு முன்பே அது சொல்லி முடித்திருக்க வேண்டும்.

போட்டு முடித்ததும் மெக்கர் (இன்சுலேஷனை உயர் வோல்டில் சோதிக்கும் மீட்டர்) அடிப்பதில் ஒரு எச்சரிக்கை: டிடெக்டரும் பேனல் கார்டும் கழற்றியிருந்தால் மட்டுமே 500 வோல்ட் மெக்கர். மாட்டியபடி அடித்தால் போர்டு போகும், சில சமயம் உடனே தெரியாமல் ஒரு மாதம் கழித்துப் போகும். கோருக்குக் கோர், கோருக்கும் ஷீல்டுக்கும், ஷீல்டுக்கும் ஆர்மருக்கும் என மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு டிடெக்டர் முனையில் லூப் கேலிபரேட்டர் வைத்து 4, 12, 20 மில்லி ஆம்பியர் கொடுத்துப் பேனலில் 0, 50, 100 சதவீதம் வருகிறதா பாருங்கள். கடைசியில், டிடெக்டர் மூடியை மூடிவிட்டு, பெர்மிட் உள்ள வாக்கி-டாக்கியை ஒரு மீட்டரில் வைத்து அழுத்துங்கள். மூடி திறந்திருக்கும்போது துள்ளுவது கணக்கில் சேராது. இதெல்லாம் கேபிளுக்கான சோதனை. டிடெக்டருக்கு உண்மையான கேஸ் காட்டும் பம்ப் (bump) டெஸ்ட் தனியாக உண்டு.

யார் இதை வாங்க வேண்டாம்? இரண்டே கம்பியில் ஓடும் எலக்ட்ரோகெமிக்கல் டிடெக்டருக்கு இரண்டு கோர் முறுக்கு ஜோடி போதும். அதன் லூப் ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் 1 சதுர மி.மீ.கூடத் தாராளம். டிஜிட்டல் தகவல் போகும் ஆர்.எஸ். 485 லைனுக்கு 120 ஓம் இம்பிடன்ஸ் உள்ள டேட்டா ஜோடி வேண்டும், இந்தக் கேபிள் தூரம் கூடக் கூடத் தடுமாறும். இன்ட்ரின்சிக்கலி சேஃப் சர்க்யூட்டுக்குக் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், இண்டக்டன்ஸ் எழுதிக் கொடுத்தால்தான் பேரியர் (அந்த சர்க்யூட்டின் சக்தியைக் கட்டுப்படுத்தும் கருவி) கணக்குப் போட முடியும். எழுதித் தராத சரக்குக்கு மீட்டருக்கு 200 பிகோ ஃபாரட், 1 மைக்ரோ ஹென்றி என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது 60079-14. அந்த லைனுக்குத்தான் வெளிர் நீல ஷீத்து. அழகாக இருக்கிறதென்று ஃபிளேம்-ப்ரூஃப் லைனுக்கு நீலம் வாங்கினால் அடுத்து வரும் டெக்னீஷியன் இன்ட்ரின்சிக்கலி சேஃப் என்று நம்பிக் கையை வைப்பார்.

மற்றவர்கள் ஆர்டரில் அந்தப் பழைய ஒற்றை வரிக்குப் பதில் இப்படி எழுதலாம்: 1 ட்ரையட், 1.5 சதுர மி.மீ., ஐ.எஸ். 8130 கிளாஸ் 2 செம்பு, முறுக்கியது, அலுமினியம்-பாலியெஸ்டர் டேப் ஷீல்டு, 0.5 சதுர மி.மீ. வெள்ளீயம் பூசிய டிரெய்ன் ஒயர், எக்ஸ்ட்ரூட் செய்த வட்ட இன்னர் ஷீத், ஜி.ஐ. வட்டக் கம்பி ஆர்மர், எஃப்.ஆர்.எல்.எஸ். கறுப்பு வெளி ஷீத், மீட்டர் எண் அச்சு, டிரம் வாரியாக ஓம் ரிப்போர்ட். வந்ததும் ஒரு அடி வெட்டி உரித்துப் பார்த்த பிறகு பில்லில் கையெழுத்து.